தனிக்குவளை தந்தவர்கள் தனிமனிதம் பேசுகிறார்கள்

இலக்கியக் கூட்டத்தில் நம்மாளு ஒருத்தர் மேடையேறிவிட்டால் போதும். கேள்வி நேரத்தில் கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து நிற்பார். குரலில் அக்கறை வழியும். ‘நல்லாத்தான் எழுதுறீங்க. ஆனா எப்பப் பாத்தாலும் தலித், தலித்துன்னு ஏன் உங்கள நீங்களே சுருக்கிக்கிறீங்க? சாதியத் தாண்டி ஒரு தனிமனுசனா நின்னு எழுதக் கூடாதா?’ கேட்டுவிட்டு உட்கார்ந்துகொள்வார். அரங்கில் பாதிப் பேர் தலையாட்டுவார்கள். ஏதோ நாம்தான் சேரிக்குள் ஆசைப்பட்டுக் குடியேறி, கதவை உள்பக்கமாகத் தாழ் போட்டுக்கொண்டது மாதிரி.

இதற்கு மரியாதையாகப் பதில் சொல்லிச் சொல்லியே நம் எழுத்தாளர்கள் பலர் களைத்துப் போனார்கள். கேள்வியை வந்த வழியே திருப்பி அனுப்ப வேண்டிய நேரம் இது. தனிமனிதர் என்று யாரைச் சொல்கிறீர்கள்? அப்படி ஒருவர் இந்த நாட்டில் எங்கே இருக்கிறார்? அவராக ஆவதற்கு என்ன விலை? அந்த விலையை இதுவரை யார் கொடுத்திருக்கிறார்கள்?

‘தனி’ என்ற சொல்லுக்கு நம்மிடம் பஞ்சமே இருந்ததில்லை. டீக்கடையில் தனிக் கிளாஸ். குடியிருக்க ஊருக்கு வெளியே தனித் தெரு. தண்ணீருக்குத் தனிக் கிணறு. செத்தால் தனிச் சுடுகாடு. அந்தச் சுடுகாட்டுக்குப் போகத் தனிப் பாதை. பாதை விடாத ஊரில் வயல் வரப்பு. (தனித் தொகுதியும் விடுதியும் வேறு கணக்கு. அவை நாம் போராடி வாங்கியவை.) இத்தனை ‘தனி’களை அள்ளிக் கொடுத்த ஊர், ஒரே ஒரு ‘தனி’யை மட்டும் கைக்குள்ளேயே மூடி வைத்துக்கொண்டது. தனி மனுசர் என்கிற ‘தனி’. கிளாசைத் தனியாக வைத்தவர்கள் நம்மை ஒருநாளும் தனித்தனியாகப் பார்த்ததில்லை. அந்தக் கிளாசில் குடிக்கிறவர் படித்தவரா, குடிகாரரா, பாட்டுக்காரரா, பொய் பேசாதவரா என்று யாரும் கேட்டதில்லை. ‘அந்தத் தெரு ஆளு’ – அவ்வளவுதான் விவரம்.

*

முதலில் அவர்களுடைய தனிமனிதரைப் பார்த்துவிடுவோம்.

நவீனத் தமிழ் இலக்கியத்தில் ஒருவர் இருக்கிறார். அறையில் உட்கார்ந்து சன்னல் வழியே மழையைப் பார்ப்பார். தான் யார் என்று தன்னையே கேட்டுக்கொள்வார். உலகம் தனக்கு அந்நியமாகிவிட்டது என்று வருத்தப்படுவார். நடுவில் யாரோ காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள். கதை முழுக்க அவர் சாதி ஒரு இடத்திலும் வராது. வராததால் விமர்சகர்கள் அவரை ‘மனிதன்’ என்றார்கள். நம் கதையில் சாதி வந்தது. நாம் எழுதியதைத் ‘தலித் இலக்கியம்’ என்றார்கள்.

அவர் சாதி கதையில் வராததற்குக் காரணம் எளிமையானது. அது அவர் காலில் ஒருநாளும் குத்தியதில்லை. அந்த அறையை அவருக்கு வாடகைக்கு விட்டவர் அவரைச் சாதி கேட்கவில்லை, அல்லது கேட்டு மகிழ்ந்தார். அறைக்குள் போய்த் தனிமையை அனுபவிக்கிறவருக்கு விட்டுவிட்டு வர ஒரு ஊர் இருந்தது, ஊருக்குள் தெரு இருந்தது, தெருவில் வீடு இருந்தது. ஒருவர் தானே போய் ஒதுங்கிக்கொள்வது தனிமை. அடுத்தவர் பிடித்து ஒதுக்கிவைப்பது விலக்கு. இரண்டுக்கும் தமிழில் வெவ்வேறு சொல் இருந்தும், விமர்சனத்தில் மட்டும் ஒரே எடையைப் போட்டு நிறுத்தார்கள்.

சரி, அந்த மனிதராவது உண்மையில் தனிமனிதரா? கதைக்கு வெளியே அவருக்குக் கல்யாணம் ஆகும். அப்போது பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் மணமகள் தேவை என்ற பத்தியில் சாதி, உட்பிரிவு, கோத்திரம், நட்சத்திரம் எல்லாம் வரிசை கட்டும். அம்பேத்கர் 1916இல், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையிலேயே இதன் ஆணிவேரைப் பிடித்துவிட்டார்: அகமணம்தான் சாதியை உயிரோடு வைத்திருக்கும் இயந்திரம். யாரோடு வாழ்வது என்பதைக்கூடத் தானே முடிவு செய்ய முடியாதவர், முடிவு செய்யத் தேவையில்லை என்று நினைப்பவர், மேடையில் வந்து நமக்குத் தனித்துவம் பற்றி வகுப்பெடுக்கிறார். அவருக்கு வாய்த்திருப்பது தனித்துவத்தின் மேல்பூச்சு. உள்ளே ஊர் உட்கார்ந்திருக்கிறது.

*

ஒருவர் தனிமனிதரா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தத்துவமெல்லாம் வேண்டாம். அவர் செய்த காரியம் யார் கணக்கில் எழுதப்படுகிறது என்று பாருங்கள், போதும்.

2012 நவம்பர் 7. தருமபுரி மாவட்டத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி என்று மூன்று தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. 200க்கும் மேற்பட்ட வீடுகள். காரணம் என்னவென்றால், நத்தத்தைச் சேர்ந்த இளவரசனும் வன்னியர் சாதியைச் சேர்ந்த ஒரு பெண்ணும் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டார்கள். இரண்டு பேர் எடுத்த முடிவு. பெண்ணின் தகப்பனார் தற்கொலை செய்துகொண்டதும் கூட்டம் கிளம்பிவிட்டது. அந்தக் கல்யாணத்துக்கும், அதைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் பெங்களூரில் கட்டட வேலை செய்து சம்பாதித்து நத்தத்தில் வீடு கட்டியவருக்கும் என்ன சம்பந்தம்? கொண்டம்பட்டியில் பீரோவும் பள்ளிச் சான்றிதழும் எரிந்துபோன பிள்ளைக்கு என்ன சம்பந்தம்? ஊர்க் கணக்கில் சம்பந்தம் இருக்கிறது. இளவரசன் என்று ஒரு ஆள் அந்தக் கணக்கில் இல்லவே இல்லை. ‘காலனிக்காரன்’தான் உண்டு. காலனிக்காரன் செய்தான், காலனி எரிகிறது. 2013 ஜூலை 4இல் இளவரசன் தருமபுரியில் ரயில் தண்டவாளத்தோரம் பிணமாகக் கிடந்தார்.

இப்போது மறுபக்கம் பாருங்கள். எரிக்க வந்தவர்கள் கூட்டமாக வந்தார்கள். வரும்போது அவர்கள் சமுதாயம். மானம், மரியாதை, பாரம்பரியம் எல்லாம் பொதுச்சொத்து. வழக்கு என்று வந்தவுடன் அந்தக் கூட்டம் மாயமாகி, ஆளுக்கொரு தனிமனிதராக நிற்கிறது. ‘எந்தக் கையில தீப்பந்தம் இருந்துச்சு? யாரு பாத்தது? எத்தனை அடி தூரத்துல நின்னீங்க? வெளிச்சம் எப்படி?’ கூட்டமாக வந்து கொளுத்துகிறவர்கள் கூண்டேறும்போது தனித்தனி ஆட்களாகிவிடுகிறார்கள். நாமோ தனித்தனியாகக் காரியம் செய்து கூட்டமாகத் தண்டனை வாங்குகிறோம். இந்தியச் சாதியச் சமூகத்தில் தனிமனித உரிமை எப்படிப் பங்கு போடப்பட்டிருக்கிறது என்பதை இந்த ஒரு இடத்தில் தெளிவாகப் பார்த்துவிடலாம்.

இது 2012இன் புதுக்கதை இல்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்து செத்தார்கள். பெரும்பாலும் பெண்கள், பிள்ளைகள், வயதானவர்கள். அவர்கள் தமிழ்நாட்டின் ஞாபகத்தில் எப்படி இருக்கிறார்கள்? 44 என்ற எண்ணாக இருக்கிறார்கள். படித்தவர்களிடம் கேளுங்கள், எண்ணை எல்லோரும் சொல்வார்கள். அந்த 44 பேரில் நாலு பேர் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். குற்றம் சாட்டப்பட்ட மிராசுதார்கள் விசயத்திலோ ஒவ்வொருவரும் எவ்வளவு பெரிய மனிதர், எவ்வளவு நிலமுள்ளவர் என்பதெல்லாம் நீதிமன்றத்தின் கவனத்துக்கு வந்தது. இப்படிப்பட்ட பணக்காரர்கள் தாங்களே நேரில் போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்ற போக்கில் உயர்நீதிமன்றம் பேசியது. 1970களில் விடுதலையும் கிடைத்தது. செத்தவர்களுக்கு எண்ணிக்கை, சாட்டப்பட்டவர்களுக்கு ஆளுமை.

கூட்டத்திலிருந்து ஒருவர் தலை நிமிர்ந்து வெளியே வந்தால் என்ன ஆகும் என்பதற்கு மேலவளவு சாட்சி. 1996இல் அந்தப் பஞ்சாயத்து தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. முருகேசன் தேர்தலில் நின்று தலைவரானார். 1997 ஜூன் 30இல், பேருந்தை மறித்து, அவரையும் சேர்த்து 6 பேரை வெட்டிக் கொன்றார்கள். முருகேசனின் தலையைத் தனியாக வெட்டியெடுத்துக் கிணற்றில் போட்டார்கள். அந்தத் தலைதான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை. ஒரு பெயர், ஒரு கையெழுத்து, ஒரு நாற்காலி என்று தனியாகத் தெரிந்த தலை அது. வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர்களில் 13 பேரை 2019இல் அரசு முன்கூட்டியே விடுதலை செய்தது.

அதே மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தல். 1996 முதல் 2006 வரை அந்தப் பஞ்சாயத்துகளில் தலித் தலைவர் பொறுப்பில் நிலைக்க ஊர் விடவில்லை. வேட்புமனு போட ஆள் வராது. வந்தால் ஊர் நிறுத்திய ஆளாக இருக்கும். ஜெயித்த கையோடு ராஜினாமா. சொந்தக் கையால் கையெழுத்துப் போட்டு, சொந்தப் பதவியை விட்டு இறங்க வேண்டும். சட்டம் அங்கே ஒரு தனிமனிதரைத் தேடியது. ஊரோ அவர் கையைப் பிடித்துத் தானே கையெழுத்துப் போட்டது.

அம்பேத்கர் 1948 நவம்பர் 4இல் அரசியல் நிர்ணய சபையில் பேசும்போது, அரசியல் சட்ட வரைவு கிராமத்தைத் தள்ளிவிட்டுத் தனிமனிதரை அடிப்படை அலகாக எடுத்துக்கொண்டதற்கு மகிழ்ச்சி தெரிவித்தார். கிராமத்தைப் புகழ்ந்து உருகிக்கொண்டிருந்தவர்களுக்கு அது எரிச்சலாக இருந்தது. நமக்கு அதன் பொருள் புரியும். கிராமம் அலகாக இருக்கிற இடத்தில் நாம் கணக்கிலேயே வரமாட்டோம். ஊர் என்றால் சேரி நீங்கலாக என்றுதானே இன்றைக்கும் பேச்சு?

*

மொழிக்குள்ளேயும் இந்த ஏற்பாடு இருக்கிறது. எழுபது வயசுத் தாத்தாவை ஏழு வயசுப் பிள்ளை ‘ஏலேய், இங்க வாடா’ என்று கூப்பிட்டது ரொம்பப் பழைய கதை இல்லை. ‘அவர்’ என்பது ஒரு ஆளுக்குக் கொடுக்கிற இடம். ‘அவன்’, ‘அவ’, ‘அதுக’ என்பது அந்த இடத்தைப் பிடுங்குவது. ‘அதுகளுக்கு என்ன தெரியும்’ என்பதில் அஃறிணையும் இருக்கிறது, பன்மையும் இருக்கிறது. உயர்திணை ஒருமைக்கு மரியாதை சேர்த்துச் சொல்ல வாய் வருவதில்லை. நம் இலக்கணத்தில் திணைக்கும் பாலுக்கும் நூற்பா உண்டு. யார் யாரை எப்படிக் கூப்பிடலாம் என்பதற்கான நூற்பா தெருவில் இருக்கிறது.

அதனால்தான் நம் முன்னோர்கள் பெயரிலிருந்து தொடங்கினார்கள். காத்தவராயன் என்ற பெயரோடு பிறந்தவர் தன் ஆசிரியரின் பெயரைத் தானே விரும்பி எடுத்துக்கொண்டு அயோத்திதாசர் ஆனார். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று பத்திரிகை தொடங்கினார். அதற்கு முன்பே 1893இல் இரட்டைமலை சீனிவாசன், எந்தச் சொல்லை வசையாக எறிந்தார்களோ அதையே தலைப்பாக வைத்துப் ‘பறையன்’ பத்திரிகையை நடத்தினார். 1922இல் எம்.சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் ஆதிதிராவிடர் என்ற பெயருக்காகத் தீர்மானம் கொண்டுவந்தார். மூவரும் வெவ்வேறு வழியில் போனவர்கள். ஆனால் அடுத்தவர் வைத்த பெயருக்குள் முடங்கிக் கிடப்பதில்லை என்பதில் மூவரும் ஒன்று. ‘தலித்’ என்று நாம் சொல்லிக்கொள்வதும் அந்த வழியில்தான் வருகிறது. அது ஊர் வைத்த பெயர் கிடையாது, நாமாக எடுத்துக்கொண்டது. தன்னைத் தானே பெயரிட்டுக்கொள்கிறவரைப் பார்த்து ‘ஏன் சுருங்குறீங்க’ என்று கேட்பது என்ன நியாயம்?

*

தனிமனிதர் ஆவதன் இன்னொரு அடையாளம், தோற்றுப் போகும் உரிமை. யாரும் இதைப் பேசுவதில்லை.

கல்லூரியில் ஒரு மேல்சாதிப் பையன் பரீட்சையில் கோட் அடித்தால் ‘அவன் சரியா படிக்கல’. நம் பையன் கோட் அடித்தால் ‘கோட்டால வந்தா இப்படித்தான்’. அந்த மேல்சாதிப் பையன் தன் ஒருத்தன் சார்பில் தோற்கிறான். நம் பிள்ளை, பிறக்காத பேரப்பிள்ளைகள் வரைக்கும் எல்லோர் சார்பிலும் தோற்க வேண்டியிருக்கிறது. ஜெயித்தாலோ அது அவன் ஜெயித்ததாக ஆகாது. ‘சலுகை’ ஜெயித்ததாக ஆகிவிடும். தோல்வி மொத்தச் சாதிக்கும், வெற்றி அரசாணைக்கும் போய்விட்டால் நடுவில் அந்தப் பிள்ளைக்கு மிச்சம் என்ன?

ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த ரோஹித் வெமுலா 2016 ஜனவரி 17இல் இறந்தார். விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட ஐந்து பேரில் ஒருவர். அவர் விட்டுச்சென்ற கடிதத்தை நாடே படித்தது. அறிவியல் எழுத்தாளராக ஆசைப்பட்டவர், நட்சத்திரங்களை நேசித்தவர். மனிதரின் மதிப்பு அவருடைய உடனடி அடையாளமாக, ஒரு ஓட்டாக, ஒரு எண்ணாகச் சுருக்கப்படுகிறது என்றுதான் அவர் வேதனைப்பட்டார். அதற்கு அரசு சொன்ன பதில் என்ன தெரியுமா? அவர் பிறப்பை விசாரித்தது. தலித்தா, இல்லையா, தாயின் சாதி என்ன, தகப்பன் சாதி என்ன என்று வருசக்கணக்காகக் கோப்பு நகர்ந்தது. 2024இல் தெலங்கானா போலீசார் தாக்கல் செய்த முடிவறிக்கையும் அவர் தலித் இல்லை என்றே பேசியது. எதிர்ப்பு வந்த பிறகு மேல்விசாரணை என்றார்கள். என்னை ஒரு மனமாகப் பாருங்கள் என்று கேட்டவரைச் செத்த பிறகும் சான்றிதழாகவே பார்த்தார்கள். ‘தனிமனுசனா நில்லுங்க’ என்று நமக்கு அறிவுரை சொல்கிறவர்கள் அந்த விசாரணையை நடத்தியவர்களிடம் போய் இதைச் சொல்லியிருக்கலாம்.

இலக்கியத்திலும் இதே கதை. 1992இல் பாமாவின் ‘கருக்கு’ வந்தது. ஒரு பெண் கன்னியாஸ்திரி மடத்துக்குள் போவதும், அங்கே பார்த்ததைப் பொறுக்க முடியாமல் தானே முடிவெடுத்து வெளியே வருவதும், கையில் ஒன்றுமில்லாமல் தனியாக நிற்பதும் அந்தப் புத்தகத்தின் முதுகெலும்பு. தமிழில் ஒரு தனிமனுசி தன் முடிவைத் தானே எடுத்த பெரிய கதைகளில் அது ஒன்று. நம் விமர்சகர்கள் பலர் அதில் எதைத் தேடினார்கள்? தலித் வாழ்க்கைத் தகவல். விளையாட்டு, சாப்பாடு, பேச்சுவழக்கு. ஒரு ஆளை வாசிக்கத் தெரியாமல் ஒரு தெருவை வாசித்தார்கள்.

*

இவ்வளவையும் ஊரைப் பார்த்துச் சொல்லிவிட்டு நம் தெருவைப் பார்க்காமல் போனால் அது நேர்மையாகாது.

இவ்வளவு நேரம் புழங்கிய ‘தனிமனிதன்’ என்ற சொல்லின் கடைசியில் ஒரு ‘ன்’ இருக்கிறது. அது ஆண்பால் விகுதி. நம் வீட்டுப் பெண்கள் அந்தச் சொல்லுக்குள் எங்கே இருக்கிறார்கள்? கூலிக்குப் போகிறார்கள், குழுக்கடன் கட்டுகிறார்கள், போலீஸ் வந்தால் முன்னால் நிற்கிறார்கள். இயக்கக் கூட்டத்தில் மட்டும் ‘இன்னார் சம்சாரம்’, ‘இன்னார் மக’. ஆதிக்கச் சாதிக்காரன் தன் வீட்டுப் பெண்ணின் காதலைச் சாதி மானமாகப் பார்த்தால் நாம் துண்டறிக்கை போடுகிறோம். நம் வீட்டுப் பிள்ளை நமக்குள்ளேயே இன்னொரு சாதியில் கட்டிக்கொண்டு வந்து நின்றால் எத்தனை வீட்டில் இலை போடுகிறோம்?

அருந்ததியர் தங்களுக்கு உள்ஒதுக்கீடு கேட்டபோது நம்மில் சிலர் என்ன சொன்னார்கள்? ‘ஒற்றுமையைக் கெடுக்காதீங்க, எல்லாரும் தலித்தா நிப்போம்.’ இலக்கியக் கூட்டத்தின் கடைசி வரிசையிலிருந்து வந்த அதே குரல்தான் இது. 18 சதவிகிதத்துக்குள் 3 சதவிகிதம் என்று 2009இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. உட்பிரிவு செய்ய மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2024 ஆகஸ்ட் 1இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மலக்குழிக்குள் இறங்கிச் சாகிறவர் யார் என்று பெயர் சொல்லிக் கேட்காத ஒற்றுமை யாருக்கான ஒற்றுமை? எண்ணாமல் விடப்பட்டவர்கள் தங்களைத் தனியாக எண்ணச் சொன்னால் அது பிளவு ஆகாது. எண்ண மறுப்பதுதான் பிளவு.

இன்னொன்றும் உண்டு. படித்து வேலைக்குப் போய், நகரத்தில் பெயரை மாற்றி, ஊரை மறைத்து, ‘நான் தனிமனுசன், எனக்குச் சாதி இல்ல’ என்று வாழப் பார்க்கிற நம்மவர்கள். அவர்களைத் திட்ட இங்கே யாருக்கும் உரிமையில்லை. வாடகை வீட்டுக்காரரிடம் சாதி சொல்லிப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று தெரியும். ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லியாக வேண்டும். எப்போது தெரிந்துவிடுமோ என்று நெஞ்சு படபடக்க வாழ்வது ஒளிவு. ஒளிந்திருக்கிறவரின் சாவி அவர் கையில் இல்லை. கண்டுபிடிக்கிறவர் கையில் இருக்கிறது.

*

அப்படியானால் வழி? அம்பேத்கரிடமே போவோம். 1936இல் லாகூர் மாநாட்டுக்காக எழுதி, அவர்கள் மாநாட்டையே ரத்து செய்துவிட, அவரே சொந்தமாக அச்சிட்ட ‘சாதி ஒழிப்பு’ உரையில் ஒரு முக்கியமான வாதம் உண்டு. எந்தச் சீர்திருத்தமும் ஒரு ஆள் தன் கூட்டத்தை மீறித் தன் கருத்தைச் சொல்வதிலிருந்துதான் தொடங்குகிறது. அப்படிச் சொல்கிறவரைத் தள்ளி வைத்து ஒடுக்கும் அதிகாரம் சாதியிடம் இருக்கிறது. ஆகவே சாதி இருக்கும்வரை தனிமனிதர் முளைக்க முடியாது. சாதி ஒழிப்பு என்ற வேலையை இன்னொரு விதமாகச் சொன்னால், தனிமனிதர்கள் பிழைத்திருக்கக் கூடிய மண்ணைத் தயார் செய்கிற வேலை.

அந்த வேலையை அவர் தனியாளாக அறையில் உட்கார்ந்து செய்யவில்லை. 1956 அக்டோபர் 14, நாகபுரி. லட்சக்கணக்கான மக்கள் ஒரே திடலில் நின்று 22 உறுதிமொழிகள் எடுத்தார்கள். அந்த உறுதிமொழிகளைக் கவனித்துப் படியுங்கள். அவை ‘நாங்கள்’ என்று பேசவில்லை. ‘நான்’ என்று பேசுகின்றன. நான் இன்ன சாமியை வணங்க மாட்டேன், நான் இன்ன சடங்கைச் செய்ய மாட்டேன், நான் திருட மாட்டேன், நான் பொய் சொல்ல மாட்டேன். அதுவரை ‘அதுக’ என்று எண்ணப்பட்டவர்கள், பக்கத்தில் நிற்கிறவரின் தோள் உரசிக்கொண்டிருக்க, ஆளாளுக்குத் தன் வாயால் ‘நான்’ என்றார்கள். இந்த நாட்டில் தனிமனிதர் என்பவர் பெருந்திரளாகப் பிறந்த நாள் அது. கூட்டம் இல்லாமல் அந்த ‘நான்’ வந்திருக்காது. அந்த ‘நான்’ வராமல் போயிருந்தால் கூட்டம் வெறும் தலையெண்ணிக்கையாகவே இருந்திருக்கும்.

ஆகவே தோழர்களே, சமூகமா தனிமனிதரா என்று நம்மை இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறவர்களின் வலையில் விழ வேண்டாம். மாணவர்கள் வானவியலோ கணக்கோ எதைப் பிடிக்கிறதோ அதைப் படியுங்கள். சேரியைப் பற்றித்தான் ஆய்வு செய்ய வேண்டும் என்று நெறியாளர் தள்ளினால் மறுத்துச் சொல்லுங்கள். எழுத்தாளர்கள் காதல் எழுதுங்கள், பேய்க்கதை எழுதுங்கள், மழை பார்க்கிற ஆளையும் எழுதுங்கள். அவர் எந்தத் தெருச் சன்னலில் இருந்து பார்க்கிறார் என்பதை மட்டும் அழிக்காதீர்கள். களத்தில் இருப்பவர்கள் அடுத்த வன்கொடுமை அறிக்கையில் எண்ணிக்கைக்கு முன்னால் பெயர்களை எழுதுங்கள். வயது, தொழில், அவருக்குப் பிடித்த பாட்டு, கட்டி முடிக்காத வீடு எல்லாவற்றையும் சேர்த்து எழுதுங்கள். வீட்டில் இருக்கிற பெண்ணை அவர் பெயர் சொல்லி மேடைக்குக் கூப்பிடுங்கள்.

ஒருத்தர் செய்த கல்யாணத்துக்கு ஒருத்தர் வீட்டுக் கூரையும் எரியாத நாள், ஒரு பிள்ளையின் தோல்வி அந்தப் பிள்ளையோடு நிற்கிற நாள் வரட்டும். அன்றைக்கு ‘தலித்’ என்ற சொல்லை நாமே எடுத்து வைத்துவிடுகிறோம். அதை எப்போது எடுத்து வைப்பது என்று தனிக்குவளை தந்தவர்கள் நமக்கு நாள் குறிக்க வேண்டாம்.